6 அங்குல வீட்டுத் தயாரிப்பு நியூட்டன் தொலைநோக்கியை மீட்பது: எங்கிருந்து தொடங்குவது?

#1 ஆறங்குலம்

வணக்கம். எங்கள் பள்ளி அறிவியல் மன்ற அறையில் ஒரு பழைய தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்த சமயத்தில் அன்றைய ஆசிரியர்களும் மாணவர்களும் கையால் கண்ணாடி தேய்த்துச் செய்தது. இன்றைய நிலை இதுதான்:

பெரிய ஆடி 152 மி.மீ. விட்டம், 25 மி.மீ. தடிமன். பூச்சு மங்கி, விளிம்பில் உரிந்து, நடுவில் பல்லி எச்சக் கறைகளோடு இருக்கிறது. சின்ன ஆடி செவ்வகமாக வெட்டிய ஒரு கண்ணாடித் துண்டு. குழாய் ஜி.ஐ. தகரம், உள்ளே குளவிக்கூடு. ஆடியைத் தாங்கும் பிளைவுட் ஈரத்தில் ஊதிவிட்டது. பார்வை லென்ஸை முன்பின் நகர்த்தும் ஃபோகஸர் என்பது பித்தளைக் குழாய்க்குள் இன்னொரு பித்தளைக் குழாய், உள்விட்டம் 24.5 மி.மீ. கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸ் எதுவும் இல்லை. தாங்கி ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பும் டீயும் வைத்துச் செய்த ஈக்குவடோரியல் (வான் சுழற்சியைப் பின்தொடர ஓர் அச்சைத் துருவத்தை நோக்கிச் சாய்த்த வகை).

மாணவர்களுக்கு நிலா, வியாழன், சனி காட்டினால் போதும். ஆடியை நேரே பூச்சுக்கு அனுப்பிவிடலாமா? தாங்கியை வைத்துக்கொள்ளலாமா? குவியத் தொலைவு எவ்வளவு என்றுகூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

#2 கண்ணாடித்தேய்ப்பு

பூச்சுக்கு அனுப்பாதீர்கள், இப்போதைக்கு. முதலில் அளவு, பிறகு சோதனை, அதற்குப் பிறகுதான் பணம். வளைவு கெட்டுப்போன கண்ணாடியில் புதுப் பூச்சு போட்டால், கெட்ட பிம்பம் பளிச்சென்று தெரியும்; அவ்வளவுதான் லாபம்.

ஆடியைக் கழற்றும் முன் அதன் பக்கவாட்டிலும் ஆடித் தாங்கியிலும் நேருக்கு நேராக ஒரு பென்சில் கோடு போடுங்கள். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது பிறகு தேவைப்படும். ஆடியின் முதுகைப் பாருங்கள். கையால் தேய்த்தவர்கள் பலரும் குவியத் தொலைவையும் தேதியையும் அங்கே வைர ஊசியால் கீறி வைப்பார்கள்.

குவியத் தொலைவை வெயிலில் வைத்து அளக்க வேண்டாம். 6 அங்குல ஆடி சூரியனைக் குவித்தால் துணி நொடியில் பற்றும், கண் போனால் திரும்பாது. இருட்டு அறையில் செய்யுங்கள். ஆடியை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு எல்.இ.டி. முன்னால் அலுமினியத் தாளில் ஊசித் துளை போட்டு, ஆடிக்கு எதிரே சுமார் இரண்டரை மீட்டரில் வையுங்கள். துளைக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளை அட்டை. விளக்கையும் அட்டையையும் சேர்த்து முன்பின் நகர்த்தினால் ஓரிடத்தில் துளையின் பிம்பம் அட்டையில் கூர்மையாக விழும். அங்கிருந்து ஆடி வரையான தூரம் வளைவு ஆரம். அதில் பாதி குவியத் தொலைவு. பூச்சு மங்கியிருந்தாலும் இந்தச் சோதனை நடக்கும். வெறும் கண்ணாடியே 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும்.

இன்னொன்று: குழாயைத் திறந்த வாயோடு சன்னல் பக்கம் வைக்காதீர்கள்; வெயில் விழுந்தால் ஆடி அதைக் குவித்துத் தீ பிடிக்கலாம்.

#3 வேதிக்கூடம்

கழுவும் முறையைச் சொல்கிறேன். மங்கிய ஆடிகளில் பாதி வெறும் அழுக்குதான்.

முதலில் ரப்பர் பல்பால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, ஆடியைப் பூச்சு மேலே இருக்கும்படி வைத்து, அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர் ஊற்றுங்கள். வெந்நீர் கூடாது, சாதாரணத் தட்டைக் கண்ணாடியாக இருந்தால் விரிசல் விடும். லிட்டருக்கு இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பல்லி எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு, பூச்சை அரிக்கும். ஆனால் நகத்தால் சுரண்டினால் அதைவிட மோசம். ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள்; தானே இளகும்.

பிறகு மருத்துவமனைப் பஞ்சு. நீருக்கடியில், பஞ்சின் சொந்த எடை மட்டும் படும்படி, நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பு. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, உடனே எறிந்துவிட வேண்டும். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. போர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், உப்புப் புள்ளி படியும். பேட்டரிக்கு ஊற்றும் அயனி நீக்கிய தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கி அதில் அலசி, ஆடியைக் கிட்டத்தட்ட நட்டமாகச் சாய்த்து வடியவிடுங்கள். தங்கும் துளிகளை டிஷ்யூ தாளின் நுனியால் உறிஞ்சி எடுக்கலாம்.

காய்ந்ததும் ஆடியின் முதுகுப் பக்கம் ஒரு பல்பைப் பிடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். ஊசித் துளைகள் நூற்றுக்கணக்கில் தெரிந்தாலும் பயமில்லை. மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்பதே கணக்கு. புது அலுமினியம் ஏறத்தாழ 88 சதவீதம் பிரதிபலிக்கும். இரண்டு ஆடியிலும் அது 70-க்கு இறங்கியிருந்தால், முன்பு 77 சதவீத ஒளி ஐபீஸுக்கு வந்த இடத்தில் இப்போது 49 மட்டுமே வரும். ஏறக்குறைய அரை மேக்னிடியூட் (நட்சத்திர வெளிச்ச அளவு) இழப்பு. நிலாவுக்கும் வியாழனுக்கும் இது பெரிதில்லை. நெபுலா பார்க்க ஆசைப்பட்டால் உறைக்கும்.

#4 திருகாணி

விளிம்பில உரிஞ்சு போச்சுன்னு சார் சொல்றாரே, பூச்சை மொத்தமா எடுத்துடலாம்ல? காஸ்டிக் சோடா போட்டா அலுமினியம் உடனே கரைஞ்சிடுமே.

#5 வேதிக்கூடம்

கரையும். கண்ணாடியையும் சேர்த்து அரிக்கும். காரம் கண்ணாடியின் சிலிக்காவைத் தின்னும். அடர்த்தியாகவோ சூடாகவோ இருந்தால் மெருகேற்றிய பரப்பில் புகைபோலப் படலம் விழும். ஒரு அலைநீளத்தில் சிறு பின்னம் அளவுக்குத் துல்லியமாகச் செய்த பரப்பு அது.

சரியான பொருள் ஃபெரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு செப்பு அரிக்க எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்பது. கரைசலாகவே கிடைத்தால் நல்லது. பொடியாக வாங்கினால் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சூடேறும். கையுறை, கண் கவசம் கட்டாயம். பிளாஸ்டிக் தட்டில் ஆடியை வைத்து மேலே ஊற்றினால், மேல்காப்பு இல்லாத அலுமினியம் சில நிமிடங்களில் போய்விடும். சிலிக்கான் ஆக்சைடு காப்பு இருந்தால் ஊசித் துளைகள் வழியே நுழைந்து மெதுவாகப் பரவும். சில மணி நேரம்கூட ஆகலாம். பொறுமை போதும், தேய்க்கத் தேவையில்லை. கழிவை எவர்சில்வர் தொட்டியில் ஊற்றினால் தொட்டி அரிக்கும். சலவைச் சோடா போட்டு நுரை அடங்கும்வரை நடுநிலையாக்குங்கள், படிவைத் தனியாக எடுங்கள்.

பூச்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறுத்திருந்தால் அது அலுமினியமே அல்ல, வெள்ளி. கையால் செய்தவர்கள் வெள்ளி பூசியிருக்க வாய்ப்புண்டு. அதற்கு நைட்ரிக் அமிலம் வேண்டும். பள்ளியில் வைத்துச் செய்ய வேண்டாம், பூச்சு போடும் இடத்தில் எடுத்துக்கொள்வார்கள். பழைய ஆய்வக அலமாரியில் வெள்ளி பூசும் அம்மோனியாக் கரைசல் ஏதாவது பாட்டிலில் மீதமிருந்தால் யாரும் தொடக் கூடாது. அது நாள்பட்டால் வெடிக்கும் பொருளாக மாறும்.

#6 ஆறங்குலம்

மிக்க நன்றி. முதுகில் எதுவும் எழுதப்படவில்லை. வளைவு ஆரம் 2440 மி.மீ. வருகிறது. அப்படியானால் 1220 குவியத் தொலைவு, எஃப்/8 (விட்டத்தைப் போல் 8 மடங்கு). கழுவியதும் நடுவில் நன்றாகப் பளபளக்கிறது. விளிம்பில் ஒரு பிறை அளவு மட்டும் வெறும் கண்ணாடி. நிறம் வெள்ளைதான், மஞ்சள் இல்லை. வளைவு நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#7 கண்ணாடித்தேய்ப்பு

எஃப்/8 என்பது உங்கள் அதிர்ஷ்டம். 6 அங்குலம் எஃப்/8-ல் முழுக்கோள வளைவுக்கும் சரியான வடிவமான பரவளைய வளைவுக்கும் உள்ள வித்தியாசம், சிறந்த குவியத்தில் வைத்துப் பார்த்தால், அலைமுகத்தில் கால் அலைநீளம்தான். செய்தவர்கள் பரவளையமாக்காமல் கோளமாகவே விட்டிருந்தாலும் சனியின் வளையம் தெரியும். இதே விட்டத்தில் எஃப்/5 என்றால் நிலைமை வேறு.

சோதனைக்கு ஃபூக்கோவின் கத்தி முறை. 1858-ல் வந்தது, இன்றும் வீட்டில் இதைவிடக் குறைந்த செலவில் இதைவிடக் கூர்மையான சோதனை கிடையாது. வளைவு ஆரத்தை அளந்த அதே அமைப்புதான். ஊசித் துளைக்குப் பக்கத்தில் ஒரு சவர பிளேடை நட்டமாக ஒட்டுங்கள். திரும்பி வரும் ஒளிக்கூம்பு கண்ணுக்குள் போகும்படி உட்கார்ந்தால் ஆடி முழுக்க நிலவுபோல் ஒளிரும். இப்போது பிளேடை மெல்லக் குறுக்கே நகர்த்துங்கள்.

ஆடி முழுதும் ஒரே நேரத்தில் சாம்பல் நிறமாகி அணைந்தால் கோளம். நடுவில் பள்ளமும் சுற்றிலும் மேடான வளையமுமாக, மெதுவடை போன்ற நிழல் தெரிந்தால் பரவளையத்தை நோக்கிப் போயிருக்கிறது. எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க, அட்டையில் இரண்டு ஜோடி சன்னல் வெட்டி ஆடி முன் வையுங்கள்: ஒன்று மையத்திலிருந்து 25 மி.மீ. ஆரத்தில், மற்றொன்று 70 மி.மீ. ஆரத்தில். ஒவ்வொரு ஜோடியும் இடமும் வலமும் ஒன்றாக அணையும் கத்தி நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு அசையாமல் கத்தி மட்டும் நகர்ந்தால், முழுப் பரவளையத்துக்கு இந்த இரண்டு நிலைகளின் இடைவெளி 1.75 மி.மீ. வர வேண்டும். விளக்கும் கத்தியும் ஒன்றாக நகரும் அமைப்பென்றால் அதில் பாதி, 0.88. கணக்கு எளிது: ஆரத்தின் வர்க்கத்தை வளைவு ஆரத்தால் வகுங்கள், இரண்டையும் கழியுங்கள். இந்த இரண்டு மண்டலங்களில் உங்கள் எண் பூஜ்யத்துக்கும் 1.75-க்கும் இடையில், நிழல் வழவழப்பாக இருந்தால், கையை எடுத்துவிடுங்கள். 1.75-ஐ வெகுவாகத் தாண்டினால் அது அதிபரவளையம், அதுதான் தொந்தரவு.

விளிம்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். கையால் தேய்த்த ஆடிகளில் அதிகம் வரும் குறை சரிந்த விளிம்பு. ரோங்கி கம்பித்தாள், அங்குலத்துக்கு 100 கோடு உள்ளது, கிடைத்தால் கத்திக்குப் பதில் அதை வையுங்கள். வளைவு மையத்துக்கு உட்புறம், அதாவது ஆடிக்கு அருகில் வைத்துப் பார்த்தால், பரவளையத்தில் கோடுகள் நடுவில் வெளியே புடைத்து அடைப்புக்குறிகள்போல் தெரியும். கோடுகள் விளிம்பில் மட்டும் திடீரென உள்ளே கொக்கிபோல் வளைந்தால் விளிம்பு சரிந்திருக்கிறது. மருந்து: கறுப்பு அட்டையில் 146 மி.மீ. துளை வெட்டி ஆடி முன் வைப்பது. விளிம்பில் 3 மி.மீ. மறையும், ஒளியில் 8 சதவீதம் போகும், பிம்பம் கணிசமாகத் தேறும். உங்கள் ஆடியில் உரிந்த பிறையிலும் கொஞ்சம் அதற்குள் மறைந்துவிடும்.

#8 தென்வானம்

கோளமாகவே இருந்தால் பரவளையமாக்கிவிடலாமே? பூச்சு எப்படியும் எடுக்கப் போகிறார்கள். மெருகேற்றும் சீரியம் ஆக்சைடுப் பொடியும் பிட்ச் என்ற கீல் பிசினும் கிடைக்கின்றன. கால் அலைநீளம் என்பது எல்லைக்கோடு. பள்ளிக்கே தங்கப்போகிற கருவியை எல்லையில் நிறுத்துவானேன்?

#9 கண்ணாடித்தேய்ப்பு

ஆசை நியாயமானது. ஆனால் பழைய ஆடியின் மேல் கைவைப்பதை நான் எதிர்க்கிறேன். தேய்த்தபோது பயன்படுத்திய அடிக்கல் (ஆடியை எதிரே வைத்துத் தேய்த்த தட்டு) இப்போது இல்லை. புதிதாக பிட்ச் தட்டு வார்த்து இந்த வளைவோடு இழையும்படி அமுக்கி எடுக்க வேண்டும். நம் ஊர் சூட்டில் பிட்ச் இளகும். தட்டு விளிம்பைத் தாண்டி வழிந்தால் இப்போது இல்லாத சரிந்த விளிம்பை நாமே உருவாக்குவோம். ரோசின் சேர்த்துக் கடினமாக்கலாம். கடினம் மிஞ்சினால் கீறல். இந்தக் கட்டுப்பாடு கைக்கு வர ஒரு ஆடியை முதலிலிருந்து தேய்த்திருக்க வேண்டும். மாணவர்கள் கற்க வேண்டுமென்றால் புதுக் கண்ணாடி வாங்கித் தரலாம். 1986-ல் அந்தக் கைகள் கொடுத்த வளைவு திரும்ப வராது.

அதோடு, காற்றின் கொதிப்பில் பெரும்பாலான இரவுகளில் கால் அலைநீளக் குறை தெரியப் போவதும் இல்லை. தெளிவுக் குறைவுக்குக் காரணம் கண்ணாடி என்று எல்லோரும் முதலில் அதையே சந்தேகிக்கிறார்கள். ஆடித் தாங்கி, கவ்விகள், சின்ன ஆடி, இந்த மூன்றையும் சரிபார்த்த பிறகே கண்ணாடியைக் குற்றம் சொல்ல வேண்டும்.

#10 திருகாணி

அந்த மூணும் நம்ம வேலை, சொல்றேன் சார்.

ஆடித் தாங்கி: ஊதின பிளைவுட்டைத் தூக்கிப் போட்டுடுங்க. 18 மி.மீ. மரைன் பிளை, இல்லன்னா 6 மி.மீ. அலுமினியத் தகடு. ரெண்டு தட்டு வேணும். கீழ்த்தட்டு குழாயோட நிக்கும், மேல்தட்டு ஆடியைச் சுமக்கும். நடுவுல 120 டிகிரிக்கு ஒண்ணா மூணு 6 மி.மீ. போல்ட், ஒவ்வொண்ணுக்கும் கனமான ஸ்பிரிங், வெளியில சிறகு நட்டு. மெல்லிசு ஸ்பிரிங் போட்டா குழாயைச் சாய்க்கும்போதெல்லாம் ஒளியச்சு நகர்ந்துடும், பசங்க ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிட்டு இருக்கணும். ரெண்டு தட்டுலயும் நடுவுல பெரிய ஓட்டை போடுங்க, காத்து போகணும்.

25 மி.மீ. தடிமனுக்கு மூணு புள்ளி தாங்கல் தாராளம். மையத்துல இருந்து 30 மி.மீ.-ல மூணு ஃபெல்ட் துண்டு, இல்ல அதை விட வெளியே வச்சாலும் இந்தத் தடிமனுக்குத் தப்பில்ல. பக்கத்துல மூணு நைலான் முட்டு. மேல கவ்வுற கிளிப் மூணும் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஒரு போஸ்ட்கார்டு நுழையுற இடைவெளி விடணும். கிளிப்பை இறுக்கினா நட்சத்திரம் முக்கோணமாத் தெரியும். அதைப் பார்த்துட்டு ஆடி கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுவாங்க.

சின்ன ஆடி: செவ்வகத் துண்டுன்னா அது வீட்டு முகக்கண்ணாடியான்னு பாருங்க. பேனா நுனியை மேல வச்சா, நுனியும் பிம்பமும் ஒட்டினாப்ல இருந்தா முன்பக்கப் பூச்சு. நடுவுல இடைவெளி தெரிஞ்சா பின்பக்கப் பூச்சு, ரெட்டை பிம்பம் வரும், மாத்தியே ஆகணும்.

#11 கண்ணாடித்தேய்ப்பு

மாற்றும்போது அளவைக் கணக்கிட்டு வாங்குங்கள். குழாயின் மையத்திலிருந்து ஐபீஸ் குவியம் வரை, அதாவது குழாயின் பாதி விட்டம், ஃபோகஸர் உயரம், அதன் மேல் சிறிது இடம் எல்லாம் சேர்த்து 170 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 10 மி.மீ. வட்டம் முழு ஒளியோடு வேண்டுமென்றால்: 152-லிருந்து 10-ஐக் கழித்து, 170-ஆல் பெருக்கி, 1220-ஆல் வகுத்து, 10-ஐக் கூட்டுங்கள். 29.8 வருகிறது. 30 மி.மீ. சிற்றச்சு கொண்ட நீள்வட்ட ஆடி வாங்கினால் போதும். பெரிதாக வாங்காதீர்கள்; விட்டத்தில் 20 சதவீத மறைப்போடு நிறுத்துவது கோள்களுக்கு நல்லது.

ஒட்டுவதற்கு நடுநிலைச் சிலிக்கோன், மூன்று பொட்டு, இடையில் தீக்குச்சி வைத்து ஒன்றரை மி.மீ. இடைவெளி. காய்ந்ததும் குச்சியை உருவிவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கோன் புதுப் பூச்சுக்கு ஆகாது. முழு முதுகும் ஒட்டினால் வெப்பத்தில் கண்ணாடி வளையும்.

பெரிய ஆடியை 90 பாகை சுழற்றி வைத்து நட்சத்திரத்தைக் குவியத்தின் இருபுறமும் பாருங்கள். பிம்பம் நீள்வட்டமாகத் தெரிந்து அது ஆடியோடு சேர்ந்து சுழன்றால் குறை அந்தக் கண்ணாடியில். சுழலாமல் நின்றால் சின்ன ஆடியிலோ ஆடித் தாங்கியிலோ. உங்கள் தலையைச் சாய்க்கும்போது சுழன்றால் உங்கள் கண்ணில். #2-ல் பென்சில் கோடு கேட்டது இதற்காகத்தான்.

#12 வல்வை வான்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். தகரக் குழாயைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. பின்னேரம் வரைக்கும் வெயில் குடிச்ச தகரம் ராத்திரியும் கொதிக்கும். அந்தச் சூடான காத்து ஆடிக்கு முன்னால எழும்பினால் வியாழன் தண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரித்தான் இருக்கும். பார்க்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே நிழலில வெளியில எடுத்து வையுங்கோ. குழாயின்ர அடிப்பக்கம் திறந்திருக்க வேணும். உள்ளுக்கு மெல்லிய தக்கைத் தாள் ஒட்டி அதுக்கு மேல கறுப்பு அடிச்சால் இன்னும் நல்லது. எங்கட கடற்கரைப் பக்கம் உப்புக்காத்து பூச்சைச் சாப்பிடும், பாவிக்காத நேரம் ரெண்டு வாயையும் துணி உறை போட்டுக் கட்டி வையுங்கோ. பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளுக்கு வேர்க்கும்.

#13 திருகாணி

சரியாச் சொன்னீங்க. தகரத்துக்கு: துருவை 120 நம்பர் எமரி தாள்ல தேய்ங்க, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு, வெளியில வெள்ளை எனாமல். உள்ளே கரும்பலகை பெயின்ட், அதுக்கு மினுமினுப்பு கிடையாது. ஃபோகஸருக்கு எதிர்ப்பக்கச் சுவர்ல மட்டும் பெயின்ட் ஈரமா இருக்கும்போதே சலிச்ச மரத்தூள் தூவி, காஞ்சப்புறம் மறுபடி ஒரு கோட்டு. குறுக்குல பார்த்தாலும் கறுப்பாவே இருக்கும். குழாய் கோணலாகியிருந்தா ரெண்டு முனையிலயும் பிளைவுட் வளையம் மாட்டினா வட்டத்துக்கு வந்துடும்.

24.5 மி.மீ. ஃபோகஸர் பழைய 0.965 அங்குல அளவு. இப்ப கிடைக்கிற ஐபீஸெல்லாம் 31.7. பித்தளைச் சுவர் கனமா இருந்தா லேத்துல கடைஞ்சு 31.8-க்குத் திறக்கலாம், மெல்லிசுன்னா புதுசு.

#14 தென்வானம்

தொலைநோக்கியின் தாங்கிக்கு வருகிறேன். அந்த ஈக்குவடோரியலின் துருவ அச்சு தரையோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று கைபேசியை வைத்து அளந்து பாருங்கள் சார். அன்றைக்குக் கிடைத்த வரைபடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவை. 40 பாகைச் சாய்வில் செய்திருந்தால் இங்கே உதவாது. சென்னைக்கு 13, திருச்சிக்கு 10.8, மதுரைக்கு 9.9, கன்னியாகுமரிக்கு 8.1 வேண்டும். இவ்வளவு தாழ்வாக அச்சு படுத்திருந்தால் எதிர் எடை கம்பத்தில் இடிக்கும், முழு பாரமும் ஒரு பைப் மரையில் தொங்கும். துருவ நட்சத்திரமோ மரத்துக்கும் புழுதிக்கும் பின்னால் மறைந்திருக்கும். காவலூர் வான் ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வடக்கு முனையில் குதிரைலாட வடிவ நுகம் வைத்ததும் நம் அட்சரேகையை உத்தேசித்துத்தான். பைப் மரையில் அது சாத்தியமில்லை.

பள்ளிக்கு டாப்சன் பெட்டிதான் என் தேர்வு; இடம்வலமும் மேல்கீழும் மட்டும் திரும்பும் எளிய மரப்பெட்டித் தாங்கி அது. ஜான் டாப்சன் சான் ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கென்று பயன்படுத்திய வடிவம். வரிசையில் நிற்கும் குழந்தைகளுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. 18 மி.மீ. பிளையில் மூன்று பக்கப் பெட்டி. பக்கவாட்டில் 150 மி.மீ. பி.வி.சி. மூடிகள் இரண்டு, சரியாகச் சமநிலைப் புள்ளியில். அவை உட்காரும் இடத்திலும் அடித்தட்டிலும் டெஃப்ளான் துண்டுகள், 25-க்கு 25 மி.மீ., 3 முதல் 5 மி.மீ. தடிமன். அடித்தட்டின் மூன்று துண்டுகளும் மூன்று கால்களுக்கு நேர் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் தட்டு தொய்ந்து ஆடும். எதிரே உரசும் பரப்பு சொரசொரப்பான சன்மைக்கா. வழவழப்பான சன்மைக்கா ஒட்டிக்கொண்டு, தள்ளினால் திடீரென்று குதிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் கோள்கள் பல மாதங்கள் உச்சிக்கு மிக அருகே கடக்கும். டாப்சன் பெட்டி உச்சியில்தான் தடுமாறும். குழாய் நட்டமாக நிற்கும்போது பக்கவாட்டில் திருப்பப் பிடிமானம் இருக்காது. வியாழன் 70 பாகை ஏறுவதற்கு முன்போ, இறங்கத் தொடங்கிய பின்போ நிகழ்ச்சியை வையுங்கள்.

#15 கண்ணாடித்தேய்ப்பு

ஒத்துக்கொள்கிறேன். பழைய பைப் தாங்கியைப் பிரித்துப் போடாமல் மன்ற அறையில் அப்படியே நிறுத்துங்கள்.

ஒளியச்சு சரிசெய்தல் பகலிலேயே முடியும். பெரிய ஆடியின் நடுவில் காகித வளையம் ஒன்று ஒட்டுங்கள். அந்த இடம் சின்ன ஆடியின் நிழலில்தான் இருக்கிறது, இழப்பில்லை. 32 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து ஃபோகஸருக்குள் நுழையுங்கள். மூடியின் சரியான மையத்தில் 2 மி.மீ. துளை, மூடியின் உட்புறம் வெள்ளை. துளை வழியே பார்த்து, முதலில் சின்ன ஆடி ஃபோகஸரின் நடுவில் வட்டமாகத் தெரியும்படி முன்பின் நகர்த்துங்கள். அடுத்து சின்ன ஆடியைச் சாய்த்து, பெரிய ஆடி முழுவதும் அதற்குள் தெரியும்படி, காகித வளையம் நடுவுக்கு வரும்படி செய்யுங்கள். கடைசியாகப் பெரிய ஆடியின் மூன்று நட்டுகளைத் திருகி, உங்கள் துளையின் பிம்பத்தைக் காகித வளையத்துக்குள் கொண்டுவாருங்கள். இந்த வரிசை மாறினால் சுற்றிச் சுற்றி வருவீர்கள். எஃப்/8-ல் கோமா (நட்சத்திரம் வால்போல் இழுபடும் குறை) இல்லாத வட்டம் 11 மி.மீ., எஃப்/5-ல் 3-க்கும் குறைவு. அதனால் மாணவர்களே செய்யலாம்.

#16 ஆறங்குலம்

அச்சு 38 பாகை காட்டுகிறது. தென்வானம் மேடம் சொன்னபடியே. டாப்சன் பெட்டிக்குப் போகிறோம். கத்திச் சோதனையில் மெல்லிய வளைய நிழல், இரண்டு மண்டலங்களின் இடைவெளி 1.2 மி.மீ.; விளக்கு அசையாத அமைப்பு. விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய பிரகாசக் கோடு. சின்ன ஆடி பின்பக்கப் பூச்சுதான்.

பெரிய ஆடிக்குப் பூச்சு உடனே வேண்டுமா? எந்த ஐபீஸ் வாங்குவது? நட்சத்திரச் சோதனையை எந்த நட்சத்திரத்தில் செய்வது?

#17 கண்ணாடித்தேய்ப்பு

1.2 என்றால் பரவளையத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருக்கிறார்கள். மிக நல்ல கைவேலை. வளைவைத் தொடாதீர்கள். 146 மி.மீ. அட்டையைப் போட்டுவிடுங்கள், அந்த விளிம்புக் கோடு மறையும். புதுச் சின்ன ஆடியோடு பழைய பூச்சிலேயே முதலில் பாருங்கள். பிறகு அனுப்புவதானால் சிலிக்கான் ஆக்சைடு மேல்காப்பு கேளுங்கள். பூச்சு பரப்பில் எதுவும் உரசாதபடி, விளிம்பில் மட்டும் பிடிக்கும் மரப்பெட்டியில் அனுப்புங்கள். பஞ்சோ நுரையோ பரப்பின் மேல் வைக்கக் கூடாது.

#18 தென்வானம்

25 மி.மீ. பிளாசில் வகை ஐபீஸ் ஒன்று, 10 மி.மீ. ஒன்று. முதலாவது 49 மடங்கு. முழு நிலாவும் சுற்றிலும் இடமும் தெரியும், குழந்தைகள் கண்ணை வைக்கவும் எளிது. இரண்டாவது 122 மடங்கு. சனியின் வளையம் தெளிவாகப் பிரிந்து நிற்கும். 300 மடங்கு என்று விளம்பரப்படுத்தும் 4 மி.மீ. ஐபீஸ்களை வாங்க வேண்டாம். காற்று 200-க்கு மேல் அனுமதிக்கும் இரவுகள் குறைவு. 122 மடங்கில் நகராத டாப்சனில் ஒரு கோள் ஒன்றரை நிமிடத்தில் பார்வையைக் கடந்துவிடும். ஓரத்தில் நுழையும்படி வைத்துவிட்டு மாணவரைக் கூப்பிட்டால், அவர் பார்க்கும்போது அது நடுவில் இருக்கும்.

சோதனைக்கு வடநாட்டுக்காரர்கள் துருவ நட்சத்திரத்தைச் சொல்வார்கள், அசையாதென்று. நமக்கு அது 10 பாகை உயரத்தில் காற்றின் தடித்த அடுக்கில் கொதிக்கும். 60 பாகைக்கு மேல் உள்ள ஒரு இரண்டாம் மேக்னிடியூட் நட்சத்திரத்தை எடுங்கள். பகலில் வேண்டுமென்றால் 30 மீட்டர் தூரத்தில் 10 மி.மீ. பேரிங் குண்டை வெயிலில் வைத்தால் அதில் தெரியும் சூரியப் புள்ளியே செயற்கை நட்சத்திரம். ஆனால் அவ்வளவு அருகில் உள்ள பொருளுக்குக் குவியம் 52 மி.மீ. வெளியே தள்ளிப்போகும். ஃபோகஸர் அவ்வளவு நீளாது. ஐபீஸுக்கு ஒரு நீட்டுக்குழாய் வேண்டும். அது தெரியாமல் குவியமே வரவில்லை என்று ஆடியைக் கீழே இறக்கிவிடாதீர்கள். குழாய் சூரியன் இருக்கும் திசைப்பக்கம் திரும்பவே கூடாது, பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

#19 ஆறங்குலம்

குறித்துக்கொண்டேன் மேடம். சின்ன ஆடி வந்ததும், பெரிய ஆடியிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்? பழைய துளைகள் 1085 மி.மீ.-ல் இருக்கின்றன.

#20 திருகாணி

1220-ல 170 கழிச்சா 1050 சார். சின்ன ஆடி 35 மி.மீ. தள்ளி இருக்கு, குவியம் குழாய் மையத்துல இருந்து 135-லயே விழும், ஃபோகஸரை முழுசா உள்ள தள்ளினாலும் ஐபீஸ் அங்க எட்டாது. ஆனா தகரத்துல புது ஓட்டை போடாதீங்க. ஆடித் தாங்கியோட கீழ்த்தட்டை 35 மி.மீ. மேல ஏத்தி மாட்டினா அதே கணக்கு வந்துடும். முதல்ல குழாயோட அடியில ரெண்டு கிளாம்ப் போட்டுத் தற்காலிகமா நிறுத்துங்க, ராத்திரி நிலாவைப் பார்த்து ஃபோகஸர் நடு இழுப்புல குவியம் வருதான்னு உறுதி பண்ணுங்க, அப்புறம் ஸ்க்ரூ அடிங்க. ஆடியை ஏத்தினா சமநிலைப் புள்ளியும் கொஞ்சம் மேல நகரும், பி.வி.சி. மூடியை அதுக்கப்புறம் பொருத்துங்க.